அபத்த நாடகத்தை இன்றைய மேடைக்குக் கொண்டுவருவது எப்படி: புதுக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

கோர்வையான கதை இல்லாமல் வாழ்க்கையின் பொருளின்மையைக் காட்டுவது அபத்த நாடகம். அதை எழுதிய பெக்கெட்டையோ அயனெஸ்கோவையோ இன்றைய காலத்துக்கு மாற்றி மேடையேற்றக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன. பிரதியை எழுதி, பாதி ஒத்திகையும் முடித்து, அரங்கத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டு, அப்புறம்தான் உரிமை கேட்டுக் கடிதம் போடுகிறார்கள். பதில் வராது, அல்லது "முடியாது" என்று வரும். அதோடு எல்லாம் நின்றுபோகும். அதனால் வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே கீழே தந்திருக்கிறோம். வரிசையை மாற்றினால் செலவு கூடும்.

1. முதலில் ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள்

எந்த நாடகம் பிடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி. அதைத் தொட நமக்கு உரிமை உண்டா என்பதே முதல் கேள்வி.

பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ண வேண்டும்: இந்தியாவில் 60 ஆண்டு, மலேசியாவில் 50, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70. கனடா 2022 கடைசியில் 50-இலிருந்து 70-க்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்குக் கணக்கே வேறு. அங்கே ஆசிரியர் இறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று எண்ணுவார்கள். நாடகம் எங்கே எழுதப்பட்டது என்பதைவிட நீங்கள் எங்கே மேடையேற்றுகிறீர்கள் என்பதே முக்கியம். ஒரு நாட்டில் உரிமை முடிந்துவிட்டது என்று ஆரம்பித்துவிட்டு இன்னொரு நாட்டுக்கு விழாவுக்குப் போனால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

சாமுவேல் பெக்கெட் 1989-இல் இறந்தார். 70 ஆண்டுக் கணக்கில் 2059 முடியும்வரை, 60 ஆண்டுக் கணக்கில் 2049 முடியும்வரை அனுமதி வேண்டும். யூஜின் அயனெஸ்கோ 1994-இல் இறந்தார். அவருக்கு 2064 அல்லது 2054. ஹெரால்டு பின்டர் (2008), எட்வர்டு ஆல்பி (2016) இருவரின் நாடகங்கள் பொதுவுடைமையாவதற்கு, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தும் நிலைக்கு வருவதற்கு, இன்னும் வெகுகாலம் இருக்கிறது. அபத்த நாடகத்தின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் ஆல்ஃப்ரெட் ஜாரி 1907-லேயே இறந்துவிட்டதால் 1896-இல் மேடையேறிய அவருடைய 'உபு ராஜா' எல்லாருக்கும் பொது. 1936-இல் இறந்த இத்தாலிய நாடகாசிரியர் பிராந்தெல்லோவின் மூலப் பிரதிகளும் 70 ஆண்டுக் கணக்கைத் தாண்டிவிட்டன.

தாராளமாக வெட்டி, ஒட்டி, ஊரும் காலமும் மாற்றி விளையாட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் ஜாரியிடம் போங்கள். முதல் முயற்சிக்கே பெக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூலம் பொதுவுடைமையாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு அப்படி இருக்காது. 'உபு ராஜா'வை 1951-இல் ஆங்கிலமாக்கிய பார்பரா ரைட் 2009-இல்தான் இறந்தார். அவருடைய ஆங்கிலத்தை வைத்துத் தமிழாக்கினால் அவருடைய உரிமைதாரரின் அனுமதி தேவைப்படும். பிரெஞ்சு தெரிந்த ஒருவரை உட்காரவைத்து மூலத்திலிருந்தே தமிழாக்குங்கள். அப்படிச் செய்ததற்கு அடையாளமாகக் கைப்பிரதிகளைத் தேதியோடு வைத்திருங்கள். ஏற்கெனவே அச்சான தமிழ் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் அந்த மொழிபெயர்ப்பாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். "தெரிந்தவர்தான், ஒன்றும் சொல்லமாட்டார்" என்பது ஆவணம் ஆகாது.

2. அனுமதிக் கடிதம்

உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை நூலின் பதிப்புரிமைப் பக்கத்திலிருந்து பிடிக்கலாம். பெரும்பாலும் "மேடை உரிமைகளுக்கு" என்று தனி வரி இருக்கும். அச்சு உரிமையும் மேடை உரிமையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பதிப்பகத்துக்கு எழுதினால் அவர்கள் முகவரின் முகவரியைத் தருவார்கள். அதற்கே இரண்டு வாரம் போய்விடும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். குழுவின் பெயர், அது தொழில்முறையா தன்னார்வமா, எந்த மொழி, எத்தனை காட்சி, தேதிகள், அரங்கத்தின் இருக்கை எண்ணிக்கை, நுழைவுச்சீட்டு விலை, நெறியாளர் பெயர், மொழிபெயர்ப்பவர் பெயர் எல்லாம் அதில் வர வேண்டும். கட்டணம் இவற்றை வைத்துத்தான் முடிவாகிறது. ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு; வசூலில் ஒரு விழுக்காடு, ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் அரங்கம் காலியாக இருந்தாலும் அந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டியாக வேண்டும்.

எதை மாற்றப்போகிறீர்கள் என்பதைத் தனித்தாளில் வெளிப்படையாக எழுதி இணையுங்கள். "நவீனப்படுத்துகிறோம்" என்று ஒரு வரியில் முடித்தால் மறுப்புதான் வரும். "வசனத்தை மாற்றவில்லை, காட்சி நடக்கும் இடம் பேருந்து நிலையம், உடை இன்றையது, பாத்திரங்கள் ஆணாகவே இருப்பார்கள்" என்று இனம் பிரித்துச் சொல்லுங்கள்.

பெக்கெட் விஷயத்தில் இது இன்னும் கறார். 1984-இல் அமெரிக்கன் ரெபர்ட்டரி தியேட்டர் 'எண்ட்கேம்' நாடகத்தைச் சுரங்க ரயில் பாதையில் நடப்பதாக அமைத்தபோது பெக்கெட் தரப்பு எதிர்த்தது. நாடகம் நின்றுபோகவில்லை, ஆனால் அவருடைய கண்டனத்தைக் காட்சிக் கையேட்டில் அச்சிட வேண்டியிருந்தது. 1988-இல் நெதர்லாந்தில் பெண்களை மட்டும் வைத்து 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' (வராத ஒருவருக்காக இருவர் காத்திருக்கும் நாடகம்; இனி 'கோடோ') மேடையேறியது. வழக்கு நீதிமன்றம் போய் குழு வென்றது. அதற்குப் பெக்கெட், அந்த நாட்டில் தன் நாடகங்களை நடத்தவே தடை விதித்தார். வழக்கில் வெல்வது வேறு, வேண்டிய தேதியில் திரை விலகுவது வேறு.

அதே நாடகம் 2007-இல் புயலில் சிதைந்த நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நடந்தது. அங்கே பிரதி பெக்கெட்டுடையதுதான், மேடை தெருவுக்குப் போனது. பெக்கெட்டை இன்றைக்குக் கொண்டுவர நடைமுறையில் திறந்திருக்கும் வழி இதுதான்: பிரதியைத் தொடாதீர்கள், அது நிற்கும் நிலத்தை மாற்றுங்கள். அதற்கும் அனுமதி கேட்டுவிட்டே செய்யுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் இவற்றைத் தேடிப் படியுங்கள்:

- எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. ஒரு காட்சியைத் தள்ளிவைத்தால் புது அனுமதி வேண்டுமா?
- தமிழ்ப் பிரதியை முன்கூட்டியே அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டுமா? அதை வரிக்கு வரி திருப்பி மொழிபெயர்த்துக் கேட்டால் அதற்கே ஒரு மாதம் ஒதுக்க வேண்டும்.
- காணொளிப் பதிவு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் தடை இருக்கும். விளம்பரத்துக்கு எத்தனை நிமிடத் துண்டு போடலாம் என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.
- சுவரொட்டியில் ஆசிரியர் பெயர் எந்த அளவில் வர வேண்டும்.
- நாடகம் ரத்தானால் பணம் திரும்புமா? பெரும்பாலும் திரும்பாது.

"கல்லூரி விழாதானே, டிக்கெட்டும் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். சில நாட்டுச் சட்டங்களில் கல்வி நிலையத்துக்கும் கட்டணமில்லாக் காட்சிக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு நிகழ்த்துவதற்குத்தான். தழுவி எழுதுவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் அது அப்படியே நீளும் என்று எண்ணிவிடாதீர்கள்.

குழுவுக்குள்ளும் ஒரு தாள் தேவை. தழுவல் பிரதி யாருடையது, குழு பிரிந்தால் யார் மறுபடி மேடையேற்றலாம், பின்னால் அச்சிட்டால் யார் பெயர் என்பதையெல்லாம் முதல் ஒத்திகைக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாடகம் நன்றாக ஓடிவிட்டால் இந்தத் தாளை எழுதவே முடியாது.

3. எதை மாற்றலாம், எதை மாற்றினால் செத்துவிடும்

அபத்த நாடகத்தில் கதை மெலிந்திருக்கும். அதைத் தாங்கி நிற்பது செயல். அதனால் ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும்போது "இது இன்று எதைக் குறிக்கும்" என்று கேட்காதீர்கள். "பழைய பொருள் மேடையில் என்ன வேலை செய்தது, புதியது அதே வேலையைச் செய்யுமா" என்று கேளுங்கள்.

'கோடோ'வின் இரண்டாம் அங்கத்தில் மூன்று தொப்பிகள் இரண்டு தலைகளுக்கிடையே சுற்றிச் சுற்றி மாறும். இன்றைய பாணி என்று ஹெல்மெட் வைக்கலாமே என்று தோன்றும். ஹெல்மெட்டுக்கு வார் உண்டு, காதில் மாட்டும், கழற்ற இரண்டு கை வேண்டும். ஒரு நொடியில் நடக்க வேண்டியது நான்கு நொடி ஆகும், சிரிப்பு போய்விடும். விளிம்பு உறுதியான, ஒரு கையில் எடுத்து ஒரே அசைவில் வைக்கக்கூடிய எதுவும் சரி. முதல் அங்கத்தில், அந்த வழியே வரும் போட்ஸோ என்பவன் தன் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவான். மற்ற இருவரும் அவன் வயிற்றருகே குனிந்து டிக் டிக் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். ஸ்மார்ட் வாட்ச் டிக் டிக் என்று அடிக்காது. அதை வைத்தால் அந்தக் காட்சியே இல்லை.

மொபைல் போன்தான் பெரிய தலைவலி. இன்றைய மனிதர் இருவர் ஒருவருக்காகக் காத்திருந்தால், "போன் போட்டுக் கேட்க வேண்டியதுதானே?" என்று பார்வையாளர் மூன்றாவது நிமிடத்தில் நினைப்பார். சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று காரணம் சொல்லும் வசனம் சேர்த்தால் காத்திருப்புக்குக் காரணம் கிடைத்துவிடும். அபத்தம் அங்கேயே அவிழ்ந்துவிடும். போனே கண்ணில் படாத உலகமாக அமைப்பது ஒரு வழி. சுதந்திரமாகத் தழுவ உரிமை இருக்கும் பிரதியென்றால், போன் வேலை செய்யட்டும், மணி அடிக்கட்டும், எடுப்பவர் ஒவ்வொரு முறையும் மரியாதையாக "இன்றைக்கு இல்லை, நாளைக்குக் கட்டாயம்" என்று சொல்லட்டும். தொடர்பு கிடைத்தும் பயனில்லை என்பது, தொடர்பே இல்லை என்பதைவிடக் கனமானது.

அங்கங்களைச் சேர்த்து ஒன்றாகச் சுருக்காதீர்கள். இரண்டாம் அங்கம் முதலாவதைச் சின்ன மாற்றங்களோடு திரும்பச் செய்யும்போதுதான் நாடகம் கனக்கிறது. "ஒரே மாதிரி இருக்கிறதே, வெட்டிவிடலாம்" என்று தோன்றும் இடங்கள்தான் நாடகமே. ஜாரியின் பிரதியில் வெட்டலாம்; அங்கே காட்சிகள் துண்டு துண்டாக ஓடுகின்றன, பத்து நிமிடம் போனாலும் ஓட்டம் நிற்காது.

உள்ளூர் அரசியல் பெயர்களைத் திணிப்பது கைத்தட்டல் வாங்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி நடத்தும்போது அந்த வரி மட்டும் பழசாகி நிற்கும்.

4. நாட்காட்டி: திரை விலகும் நாளிலிருந்து பின்னோக்கி

30 வாரத்துக்கு முன்பு உரிமைக் கடிதம் போக வேண்டும். 20 வாரத்துக்கு முன்பு ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். 18-இல் தமிழ்ப் பிரதி முடிந்து சம்மதத்துக்குப் போகட்டும். ஒப்பந்தம் வந்த பிறகே அரங்கத்துக்கு முன்பணம். அதற்குமுன் தேதியை வாய்மொழியாகப் பிடித்துவைக்க மட்டும் கேளுங்கள். 10 வாரத்துக்கு முன்பு ஒத்திகை தொடங்கலாம். வாரம் 4 மாலை, மாலைக்கு 3 மணி நேரம் என்றால் 9 வாரத்தில் 108 மணி நேரம் கிடைக்கும். இரண்டு மணி நேர நாடகத்துக்கு இது போதும், ஆனால் உபரி கிடையாது.

உள்ளாட்சி அல்லது காவல்துறை அனுமதி, தீயணைப்புச் சான்று, ஒலிபெருக்கி அனுமதி, கேளிக்கை வரி போன்றவை எந்தெந்த ஊரில் வேண்டும் என்பதை அரங்க மேலாளரிடமே முதலில் கேளுங்கள். அவரிடம் பட்டியல் இருக்கும். பிரதியின் நகல் கேட்கும் இடங்களும் உண்டு. இறுதிப் பிரதியைக் கொடுங்கள், பாதி எழுதியதைக் கொடுக்காதீர்கள். காட்சியில் இசைத்தட்டுப் பாட்டு ஓடினால் அதற்குத் தனி அனுமதி. 'கோடோ'வில் சிறுவன் பாத்திரம் உண்டு. குழந்தை நடித்தால் பெற்றோர் சம்மதக் கடிதம், அந்நாட்டுச் சட்டம் கேட்கும் அனுமதி, மேடைக்குப் பின்னால் அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு பெரியவர், இரவு எத்தனை மணிக்குள் வீடு சேர வேண்டும் என்ற ஏற்பாடு இவ்வளவும் தேவை. அந்தச் சிறுவன் இரண்டு அங்கத்தின் கடைசியிலும் வருகிறான் என்பதை மறக்காதீர்கள். தாமதமாகும்.

5. செலவு

ஒரு மரமும் ஒரு மேடும்தானே, மலிவாக முடிந்துவிடும் என்று நினைப்பது வழக்கம். காட்சியமைப்பு மலிவுதான். பணம் போவது ஒளியிலும் அரங்க வாடகையிலும். 'கோடோ'வில் ஒவ்வோர் அங்கத்தின் முடிவிலும் மாலை வெளிச்சம் சட்டென்று விழுந்து இரவாகி நிலவு ஏற வேண்டும். அந்த ஒரு மாற்றத்துக்கே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போர்டும் அதைத் தெரிந்தவரும் வேண்டும்.

மொத்தத்தை நூறு பங்காக்கினால் இப்படித் தொடங்கலாம்: அரங்கமும் ஒளியும் ஒலியும் 35, நடிகர்கள், தொழில்நுட்பக்காரர்கள் 20, காட்சியமைப்பு, உடை, மேடைப்பொருள் 12, ஒத்திகை இடம் 10, உரிமை 8, விளம்பரம் 5. மீதி 10-ஐத் தொடவே கூடாது. தொழில்நுட்ப வாரத்தில் அது தானே கரைந்துவிடும்.

அரங்க வாடகையைக் காட்சி நாளுக்கு மட்டும் கணக்குப் போடுவது பரவலான தப்பு. பொருள் ஏற்ற, ஒளி தொங்கவிட, ஒளி, ஒலி மாற்றங்களைச் சரிபார்க்கும் டெக் (தொழில்நுட்ப) ஒத்திகை பார்க்க, முழு உடையோடு ஓட்டிப் பார்க்க என்று இரண்டு நாள் கூடுதலாக வேண்டும். இரவு 10-க்கு மேல் தங்கினால் ஊழியர்களுக்கு மிகைநேரப் படி உண்டா, ஜெனரேட்டர் செலவு தனியா, சேத வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. மேடைப்பொருட்கள்: இங்கேதான் ஆளுக்கு அடிபடும்

*கழுத்துக் கயிறு.* 'கோடோ'வில் போட்ஸோவின் சுமைகளைத் தூக்கிவரும் லக்கியின் கழுத்தில் நீளக் கயிறு. போட்ஸோ அதை இழுப்பான். சுருக்கு முடிச்சு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கழுத்தில் தெரியும் வளையத்தின் பின்பக்கத்தை வெட்டி வெல்க்ரோ தைத்துவிடுங்கள். கொஞ்சம் வேகமாக இழுத்தாலே பிரிந்துவர வேண்டும். உண்மையான இழுவை சட்டைக்குள் மார்பைச் சுற்றிய பட்டைக்குப் போகட்டும். விழுவதை எப்போதும் விழுபவரே தொடங்க வேண்டும். இழுப்பவர் அதற்கு ஏற்ப நடிப்பார். முதல் ஒத்திகையிலிருந்தே இந்தக் கயிறுதான். "இன்றைக்குச் சாதாரணக் கயிறு போதும்" என்று யாரோ சொல்லும் நாளில்தான் விபத்து நடக்கும்.

*இடுப்புக் கயிறு.* காத்திருக்கும் இருவரில் ஒருவர் கால்சட்டையைக் கட்டியிருக்கும் கயிறு இது. இரண்டாம் அங்க முடிவில் இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்க அது அறுந்துபோக வேண்டும். நல்ல கயிறு அறாது. மட்டமான கயிறு முன்னாலேயே அறுந்துவிடும். நடுவில் முழுதாக வெட்டி, இரு முனைகளையும் மெல்லிய நூலால் இழைத்துச் சேர்த்து, அதன்மேல் கயிற்று நிறமே பூசுங்கள். காட்சிக்கு ஒன்று, ஒத்திகைக்கு ஐந்தாறு, பக்கவாட்டில் உபரியாக ஒன்று என்று முன்கூட்டியே செய்துவையுங்கள். கால்சட்டை முன்னாலேயே விழாதபடி உள்ளே ஹூக் வேண்டும், இல்லாவிட்டால் முதல் அங்கத்திலேயே விழும். கயிற்றை அவிழ்க்கும்போது ஹூக்கையும் கழற்றுங்கள், பிரதிப்படி அங்கே கால்சட்டை விழுந்தாக வேண்டும்.

*மூட்டைகள்.* லக்கியின் பெட்டியில் மணல் இருப்பதாக வசனம் வருகிறது என்பதற்காக மணலை நிரப்பாதீர்கள். நெடுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே ஸ்பாஞ்சும், கீழே 2 கிலோ எடையும் போதும். கனத்தை முதுகு காட்டட்டும்.

*சாப்பிடும் பொருள்.* பச்சைக் கேரட்டின் துகள் தொண்டையில் ஏறினால் அடுத்த வசனம் இருமலாகத்தான் வரும். அரைவேக்காடாக வேகவைத்து ஆறவைத்தால் நிறம் போகாது, வாயில் சீக்கிரம் கரையும்.

அயனெஸ்கோவின் 'நாற்காலிகள்' எடுத்தால் அது வேறு விதமான பாடு. கண்ணுக்குத் தெரியாத விருந்தினர்களுக்காகக் கிழவனும் கிழவியும் நாற்காலி கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். வேகம் ஏறிக்கொண்டே போகும். 40 நாற்காலி என்று வைத்து, ஒன்று 3.5 கிலோ என்றால் ஓர் ஓட்டத்துக்கு 140 கிலோ சுமக்கிறார்கள். அடுக்கக்கூடிய ஒரே வகை நாற்காலி வாங்காமல் நாலு வீட்டிலிருந்து இரவல் வாங்கினால் பக்கவாட்டில் அடுக்க இடம் இருக்காது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இரண்டு ஆள்: ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் அடுத்ததைத் தயாராக்க. நாற்காலியின் அடியில் எண் எழுதுங்கள், தரையில் அதே எண்ணுக்கு டேப் ஒட்டுங்கள். மேடை நிறைந்த பிறகும் நடிகர்கள் ஓட ஒரு முழம் அகல வழி மிஞ்ச வேண்டும். அந்த வழியை முதலில் வரைந்துவிட்டு மற்ற இடங்களை நிரப்புங்கள். முடிவில் இருவரும் சன்னல் வழியே குதிக்க வேண்டும். சன்னலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் பலகை, அதன்மேல் மெத்தை, பிடிக்க ஒரு ஆள். அவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று அந்த ஆள் சைகை காட்டிய பிறகே பின்பக்க விளக்கை அணைக்க வேண்டும்.

7. ஒத்திகை

முதல் வாரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து "இதற்கு என்ன அர்த்தம்" என்று விவாதித்தே தீர்த்துவிடுவார்கள். இரண்டு மாலைக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள். காலணியைக் கழற்ற முடியாதவன் காலணியைக் கழற்றத்தான் பார்க்கிறான். நடிகருக்கு அதுவே போதும்.

இடைநிறுத்தங்களை அளவு வைத்துப் பழகுங்கள். பிரதியில் இடைநிறுத்தம், மௌனம், நீண்ட மௌனம் என்று வேறுபடுத்தி எழுதியிருந்தால் அவை வேறு வேறு நீளம். தொடக்கத்துக்கு 2, 5, 8 நொடி என்று வைத்து ஸ்டேஜ் மேனேஜரை எண்ணச் சொல்லுங்கள். உடம்பில் ஏறிய பிறகு எண்ணிக்கையை விட்டுவிடலாம். அளவில்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் தன் மௌனத்தை ரசிக்க ஆரம்பிப்பார். 200 இடைநிறுத்தத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 நொடி கூடினால் காட்சி 10 நிமிடம் நீளும், கடைசிப் பேருந்தும் போய்விடும்.

மனப்பாடம்தான் இந்த வகை நாடகத்தின் தனிப் பேய். ஒரே வரி பத்து இடத்தில் வரும். நடிகர் 12-ஆம் பக்கத்தில் அந்த வரியைச் சொல்லிவிட்டு 38-ஆம் பக்கத்துக்குத் தாவிவிடுவார். எதிரில் இருப்பவரும் பழக்கத்தில் அங்கேயே தொடர்வார். நடுவில் 25 பக்கம் காணாமல் போயிருக்கும், பக்கவாட்டில் காத்திருக்கும் போட்ஸோ வரவே மாட்டான். இதைத் தடுக்க, திரும்ப வரும் ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மேடையில் தனி இடம், தனி உடல் நிலை: மூன்றாவது முறை மரத்தில் சாய்ந்து, நாலாவது முறை உட்கார்ந்து. நினைவு தவறினாலும் கால் தவறாது. அதோடு, தாவிவிட்டால் திரும்பி வர "மீட்பு வரி" ஒன்றைப் பகுதிக்கு ஒன்றாகப் பிரதியிலிருந்தே தேர்ந்து இருவருக்கும் சொல்லிவையுங்கள். மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டர் கடைசி வாரம்வரை கட்டாயம்; அவரும் மௌனத்தையும் மறதியையும் பிரித்தறியப் பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மௌனத்தில் வசனத்தை எடுத்துக் கொடுப்பார்.

லக்கியின் நிறுத்தற்குறியில்லாத நீண்ட பேச்சை ஒரே மூச்சாகப் பார்த்தால் யாருக்கும் வராது. 1975-இல் பெர்லினில் ஷில்லர் தியேட்டரில் தானே இயக்கியபோது பெக்கெட் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்: அக்கறையற்ற வானம், குறுகிவரும் மனிதன், கல்லாகிய பூமி. அந்தப் பிரிப்பில் கடைசிப் பகுதியை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே போகும்போது பழகிய இடத்தை நோக்கிப் போவதால் பயம் குறையும். அந்தப் பாத்திரம் யாருக்கோ அவரைப் பத்து வாரம் முன்பே தேர்ந்துவிடுங்கள்.

8. டெக் ஒத்திகை

முதல் நாள் காலை ஒளி, மாலை க்யூ-டு-க்யூ: வசனத்தைத் தாண்டித் தாண்டி, மாற்றம் வரும் இடங்களை மட்டும் ஓட்டுங்கள். இரவு விழும் மாற்றம் 3 நொடியா 5 நொடியா என்பதை அங்கேதான் முடிவுசெய்ய முடியும். ஒத்திகைக் கூடத்தில் பேசித் தீர்க்க முடியாது. இரண்டாம் அங்கத்துக்கு மரத்தில் நாலைந்து இலை வந்திருக்க வேண்டும். இடைவேளையில் அதை ஒட்டும் வேலைக்கு ஒரு பெயர் எழுதிவையுங்கள். யார் வேலை என்று எழுதாத வேலையை எல்லாரும் மறப்பார்கள்.

முழு ஓட்டத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அங்கத்துக்கு அங்கம் நேரம் குறித்தால் எங்கே இழுக்கிறது என்று மறுநாளே தெரியும்.

9. விளம்பரமும் வாசலும்

'கோடோ' 1956-இல் மயாமியில் முதன்முதலாக அமெரிக்க மேடைக்கு வந்தபோது வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்ற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். வந்தவர்களில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். சுவரொட்டியில் "நகைச்சுவை" என்று மட்டும் போடாதீர்கள். "புரியாதவர்களுக்கு அல்ல" என்ற மிரட்டலும் வேண்டாம். எத்தனை மணி நேரம், இடைவேளை உண்டா, எத்தனை வயதுக்கு மேல் என்பதை அச்சிடுங்கள். கையேட்டில் ஒரு பக்கத் தத்துவக் கட்டுரைக்குப் பதில் நடிகர் பட்டியலும் உரிமைதாரர் கேட்ட வரியும் இருந்தால் போதும். அந்த வரியை எழுத்துப் பிசகாமல் போடுங்கள்.

தாமதமாக வருபவர்களை உள்ளே விடும் இடத்தை முன்பே குறித்து வாசல் ஆளிடம் சொல்லுங்கள். மௌனத்தின் நடுவில் கதவு கிரீச்சிட்டால் அடுத்த பத்து நிமிடம் போயிற்று. இடைவேளையை 12 நிமிடத்துக்குள் முடித்து, மணி அடித்து, சொன்ன நேரத்துக்கு இரண்டாம் அங்கத்தைத் தொடங்குங்கள். இழுத்தால் கிளம்புபவர்கள் கூடுவார்கள்.

10. காட்சி முடிந்த பிறகு

வசூல் கணக்கை ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் உரிமைதாரருக்கு அனுப்ப வேண்டும். விற்ற சீட்டு, இலவசச் சீட்டு இரண்டையும் தனித்தனியே எழுதி, அரங்கத்தின் முத்திரையோடு அனுப்புங்கள். இலவசச் சீட்டுக்கு வரம்பு வைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. வரம்பைத் தாண்டியவற்றை விற்றதாகவே கணக்கிடுவார்கள். கூடுதல் காட்சி நடத்தும் எண்ணம் இருந்தால் அந்தக் கணக்கோடு சேர்த்தே கேளுங்கள். பழைய கணக்கு தீராமல் புதுத் தேதி தரமாட்டார்கள்.